சேறு சுமந்து வந்த மருமகள்

பெண் பார்க்க வந்த அன்று என் மாமனார் கேட்ட முதல் கேள்வி, "மீனுங்களா?" என்பதுதான்.

நான் கடல் உயிரியல் படித்திருக்கிறேன் என்று அப்பா அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். திருப்பூரிலிருந்து புவனகிரிக்கு இவ்வளவு தூரம் வந்து காபி குடிக்கிறவர்களிடம் அதற்கு மேல் எப்படி விளக்குவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. "மீன் இல்லீங்க, அதவிடச் சின்னது" என்றார். "எறாலுங்களா?" என்றார் மாமனார். அப்பா என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்தபடி நிற்க வேண்டிய நான் நிமிர்ந்து, "மீன் எதைத் திங்குதோ, அது எதைத் திங்குதோ, அந்த உயிருங்க. கண்ணுக்குத் தெரியாது" என்றேன்.

கடைசியில் மாமியார்தான் தீர்ப்புச் சொன்னார். "கண்ணுக்குத் தெரியாதுன்னா கவுச்சி வாசமும் வராதுல்லொ. நம்மூட்டுக்கு ஆகும்."

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. என்னைக் கட்டிக்கொண்டவர் இந்தப் பேச்சில் வாயே திறக்கவில்லை. காதர்பேட்டையில் பனியன் மொத்தக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க வடநாட்டு வியாபாரிகளிடம் பேசித் தீர்ப்பதால் வீட்டுக்கு மிச்சமாகப் பேச்சு வருவதில்லை. நல்ல மனிதர்.

நான் படித்தது எதை என்று ஒருமுறையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளாறு கடலில் சேருகிற கழிமுகத்தில், முட்டி அளவு சேற்றில் நின்று, அந்தச் சேற்றையே புட்டியில் அள்ளிக்கொண்டு வந்து நுண்ணோக்கியில் பார்ப்பது என் படிப்பு. கழிமுகச் சேற்றில் வளர்கிற ஒரு கண்டல் மரத்து இலை தண்ணீரில் விழுகிறது. பாக்டீரியா அதைக் கரைத்துத் தின்கிறது. பாக்டீரியாவை வால் முளைத்த ஓருயிர் தின்கிறது. வாலுக்காரனை மயிர் முளைத்தவன் தின்கிறான். அவனை ஒரு பொடி இறால் குஞ்சு, அதை மீன், மீனை எங்கள் ஊர் மதிய சாப்பாடு. இலையில் இருந்த கார்பன் இப்படிக் கை மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கையும் பாதியை மூச்சாக விட்டுத் தொலைத்துவிட்டு மீதியைத்தான் அடுத்தவனுக்குக் கொடுக்கும். எவ்வளவு விழுந்தது, எவ்வளவு மூச்சாகப் போனது, எவ்வளவு சேற்றில் புதைந்தது என்று பார்ப்பதுதான் வேலை. இதற்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு, கடல் பக்கத்திலேயே இல்லாத திருப்பூருக்கு வந்து சேர்ந்தேன்.

முதலிபாளையத்துக்குப் பக்கத்தில் மாமனாருக்கு ஒரு சாயப்பட்டறை உண்டு. பனியன் துணிக்குச் சாயம் போட்டால் வருகிற கழிவுநீரை ஒரு சொட்டு வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த வேண்டும். அதற்காகப் பட்டறைக்குப் பின்னால், பட்டறையைவிடப் பெரிதாக ஒரு சுத்திகரிப்பு நிலையம். அங்கே முதலில் வருவது, அடியிலிருந்து காற்று கொப்பளிக்கிற ஒரு பெரிய திறந்த தொட்டி. எல்லாரும் அதை பயோ டேங்க் என்பார்கள். காபி டிகாஷன் நிறத்தில் கொதிப்பதுபோல் இருக்கும். கல்யாணமாகிச் சில வருடம் அந்தப் பக்கமே நான் போகவில்லை. குழந்தை, சமையல், விருந்தாளி, திரும்பவும் சமையல். அதைப் பார்த்துக்கொண்டிருந்த கெமிஸ்ட் ஒருநாள் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். மாமனார் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏனம்மிணி, அந்த டேங்குக்குள்ள எதோ பூச்சி இருக்குதாமா. அது சாயத்தண்ணியைத் திங்குதாமா. கண்ணுக்குத் தெரியாதாமா. உன்ற ஆளுகளாட்ட இருக்குது, போய்ப் பார்க்கிறயா?"

போய்ப் பார்த்தேன். பழைய நுண்ணோக்கி ஒன்று தூசியோடு இருந்தது. துடைத்து, ஒரு சொட்டு வைத்து, கண்ணை வைத்தேன். பழுப்புத் துணுக்குகளுக்கு நடுவே, மெல்லிய காம்பில் மணிமணியாக மொட்டுகள் நின்றுகொண்டிருந்தன. ஒன்றைப் பென்சிலால் தட்டியதுபோல் எல்லாம் சட்டென்று காம்பைச் சுருட்டிக்கொண்டன. பிறகு மெதுவாக நீண்டு, வாயைத் திறந்து, சுற்றிலும் உள்ள பாக்டீரியாவை வாரி விழுங்கத் தொடங்கின. கழிமுகத்தில் நான் தினமும் பார்த்த வகையறா. அந்நியமான கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் நம் ஊர்க்காரர் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கண் கலங்கிவிட்டது. கெமிக்கல் நெடி என்று ஆபரேட்டரிடம் சொல்லிவைத்தேன்.

ஆபரேட்டர் திருநெல்வேலிக்காரர். என் வயதுதான். போனில் ரம்மி ஆடிக்கொண்டே மோட்டார் சத்தத்தை வைத்து எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நம்புகிறவர். "எக்கா, இதுல என்ன இருக்கு பாக்கதுக்கு? சாக்கடைதானே" என்பார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் இது சாப்பிடத் தெரிந்த சாக்கடை. துணியிலிருந்து கழன்ற மெழுகும் சோப்பும் ஆசிட்டும்தான் இங்கே கண்டல் இலை. மற்றதெல்லாம் வெள்ளாறு மாதிரியேதான், நாற்றம் உட்பட.

அதன்பிறகு தினமும் போனேன். வீட்டில் எனக்கு மரியாதை கூடியது என்று சொல்ல முடியாது. "மருமக எங்கீங்க?" என்று யாராவது கேட்டால் மாமியார், "பூச்சிக்குச் சோறு வைக்கப் போயிருக்குதுங்க" என்பார். கேட்டவர்கள் நான் கோழிப்பண்ணை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு முட்டை விலை விசாரித்தார்கள்.

அப்போதுதான் ஒரு வெள்ளை ஆர்டர் வந்தது. வெறும் வெள்ளை. சாயமே வேண்டாம், வெளுத்தால் போதும் என்று எல்லாருக்கும் கொண்டாட்டம். துணியை வெளுக்கப் பெராக்சைடு போடுவார்கள். வெளுத்து முடித்ததும் மிச்சமுள்ள பெராக்சைடை முறித்துவிட்டுத்தான் தண்ணீரை வெளியே விட வேண்டும். அவசரத்தில் முறிக்காமலே விட்டுவிட்டார்கள். அதுவும் ஒரு தடவை அல்ல. துணியில் உள்ள மஞ்சளைக் கொல்கிறது உயிரை விட்டுவைக்குமா?

காலையில் நான் போனபோது தொட்டியின் மேல் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்கு நின்றது. டிகாஷன் நிறம் போய், பழைய பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி வெளிறிக் கிடந்தது. ஆபரேட்டர் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

"எக்கா, எல்லாம் மண்டையப் போட்டுட்டு" என்றார்.

ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். காம்புகள் இருந்தன, மொட்டுகள் இல்லை. தலை போன செடி மாதிரி. எதுவும் அசையவில்லை. வேறு சொட்டு, இன்னொரு சொட்டு. எங்கும் அதே கதை.

தொட்டி வேலை செய்யாவிட்டால் அதற்கு அடுத்த இயந்திரங்கள் அடைத்துக்கொள்ளும். அதனால் சாயம் போடுவதையே நிறுத்த வேண்டியதாயிற்று. மாமனார் வந்து நுரையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கோபமாகத்தான் இருந்தார். ஆனால் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. வெள்ளை ஆர்டரைப் பிடித்துவந்தவரே அவர்தான்.

"செத்தா வேற வாங்கிப் போட்டுடலாம். எங்க விக்குது?"

பாக்கெட்டில் பொடியாக விற்கத்தான் செய்கிறது. வாங்கிப் போட்டோம். பசுஞ்சாணம் கரைத்து ஊற்றினோம், வெல்லப்பாகு ஊற்றினோம். கொஞ்சம் கலங்கும், நம்பிக்கை வரும், மிச்சமிருந்த சாயத்தண்ணீரைக் கொஞ்சம் விட்டதும் திரும்ப வெளிறிவிடும். காரணம் உப்பு. சாயம் துணியில் ஏற உப்பு போடுவார்கள். ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு. சாணத்தில் வந்த பாக்டீரியா பாவம், மாட்டின் வயிற்றில் ஒரே சீராக வாழ்ந்தது. ஒரு நாள் நல்ல தண்ணீர், மறுநாள் உப்புத் தண்ணீர் என்றால் எப்படித் தாக்குப்பிடிக்கும்?

அப்படி வாழத் தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அலை ஏறும்போது உப்பு, இறங்கும்போது ஆற்றுத் தண்ணீர் என்று தினமும் அதே பாட்டைப் பட்டுக்கொண்டு கழிமுகத்தில் கோடிக்கணக்கில் கிடக்கிறார்கள். தங்கை மகளுக்குக் காதுகுத்து வேறு வந்தது. கிளம்பிவிட்டேன்.

காதுகுத்துக்கு வந்த சொந்தமெல்லாம் பட்டுப்புடவையில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றுமுகத்தில் சேறு அள்ளினேன். "திருப்பூர்ல மண்ணுகூட இல்லியாம்மா?" என்று அம்மா கரையில் நின்று கேட்டாள். இரண்டு பிளாஸ்டிக் கேன் நிறையச் சேறும் தண்ணீரும். மயிலாடுதுறையில் ரயில் ஏறினேன். உள்ளே உள்ளவர்கள் மூச்சுவிட வேண்டும் என்று மூடிகளைத் தளர்த்தியே வைத்திருந்தேன். கும்பகோணம் தாண்டியதும் எதிர் இருக்கைக்காரர் மூக்கை உறிஞ்சினார். "கருவாடுங்களா?" என்றார். "இல்லைங்க, உயிரோடதான் இருக்கு" என்றேன். அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டார். திருச்சி வரை வசதியாகக் கால் நீட்டி வந்தேன்.

திருப்பூரில் இறங்கும்போது சேற்றில் நின்ற புண்ணியத்தில் காய்ச்சல் கண்டிருந்தது. கேன்களை வீட்டு முன்னால் வைத்து, ஆபரேட்டருக்குப் போன் செய்து எடுத்துப் போகச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அவர் வந்திருக்கிறார். ஒரு கேன்தான் இருந்ததாம், எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் இரண்டு என்று சொன்னேனா ஒன்று என்று சொன்னேனா என்று அவரும் கேட்கவில்லை.

இன்னொரு கேன் பூஜை அறையில் இருந்தது.

என் மாமியாரின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மருமகள் ஆறும் கடலும் சேருகிற இடத்துக்குப் போய்விட்டு, அங்கிருந்து தண்ணீர் சுமந்து வந்திருக்கிறாள். எந்த மருமகளும் அதைத் தீர்த்தம் என்றுதான் சுமப்பாள். கொஞ்சம் கலங்கலாக இருந்தது. சங்கமம் என்றால் கலங்கலாகத்தானே இருக்கும்? கேனைத் துடைத்து, மூடியை இறுக்கித் திருகி, சந்தனம் குங்குமம் வைத்து, முருகனுக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார். இரண்டு நாளில் சஷ்டி. தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டாகிவிட்டது.

சஷ்டியன்று காய்ச்சல் விட்டு எழுந்து வந்தேன். கூடம் நிறையப் பெண்கள். மாமியார் அலமாரியைத் திறந்தார். முருகன் கையிலிருந்த வெள்ளி வேல் கன்னங்கரேல் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கேன் பலூன் மாதிரி உப்பி, சந்தனப்பொட்டு வெடித்து நின்றது. அது என்ன கேன் என்று எனக்கு உறைக்க ஒரு நொடி ஆனது. "அத்தை, திறக்காதீங்க!" என்று கத்தினேன். ஆனால் அவர் கை மூடியில் இருந்தது.

புஸ் என்றது. அவ்வளவுதான்.

காற்று இல்லாமல் அடைத்துவைத்தால் கழிமுகச் சேற்றில் உள்ள ஒரு கூட்டம் உப்பிலுள்ள கந்தகத்தை மூச்சாக்கிக்கொள்ளும். அப்போது விடுகிற வாயுதான் அழுகிய முட்டை வாசனைக்குச் சொந்தக்காரன். வெள்ளியைக் கறுக்கடிப்பவனும் அவனே. பரீட்சையில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பூஜை அறையில் செய்முறையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பெண்கள் தட்டையும் பூவையும் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா, "ஏனுங்க, கேஸ் லீக்குங்களா?" என்று தெருவிலிருந்து கத்தினார். மாமியார் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றார்.

"இது என்ன தீர்த்தம் கண்ணு?"

"தீர்த்தம் இல்லீங்க அத்தை. சேறு. பயோ டேங்குக்கு."

"அப்ப எதுக்கு நம்மூட்டு வாசல்ல வெச்சே?"

சரியான கேள்வி. அவர் கறுத்த வேலை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் முருகனைப் பார்த்து, "ரண்டு நாளு இதுக்குப் பக்கத்துல உக்காந்துட்டு ஒரு வார்த்தை சொல்லலியே சாமி நீ" என்றார். பிறகு எனக்கே சிரிப்பு வந்து, அவருக்கும் வந்து, இருவரும் இருமிக்கொண்டே சிரித்தோம். திருநீறு போட்டுத் தேய்த்ததில் வேல் பளிச்சென்று ஆகிவிட்டது.

கேனை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் வாளியில் கொட்டி, மகனுடைய மீன்தொட்டிக் காற்றுக்குழாயை அதில் விட்டேன். சாயங்காலத்துக்குள் நாற்றம் போய்விட்டது. ஒரு சொட்டு பார்த்தேன். குறைந்துதான் போயிருந்தார்கள், ஆனால் இருந்தார்கள். அதையும் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினேன்.

அவ்வளவு பெரிய தொட்டிக்கு இரண்டு கேன் சேறு என்பது அண்டா சாம்பாருக்கு ஒரு கறிவேப்பிலை. பெருகினால்தான் உண்டு, பெருகச் சாப்பாடு வேண்டும். பட்டறை நிற்கிறது, கழிவுநீர் இல்லை. ஊத்துக்குளியில் வெண்ணெய் வியாபாரம் செய்கிற மாமனாரின் சிநேகிதர் ஒருவர் நினைவுக்கு வந்தார். வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற புளித்த மோரில் இவர்களுக்குப் பிடித்த எல்லாம் இருக்கிறது. மாமனாரிடம் கேட்டேன்.

"மோரா? சாக்கடைக்கா?" என்றார். "ஏனம்மிணி, தாளிச்சு ஊத்தோணுமா, அப்படியே ஊத்துனாப் போதுமா?"

"கடுகு ஆகாதுங்க மாமா" என்றேன்.

முனகிக்கொண்டே டிரம் டிரம்மாக வரவழைத்தார். ஆபரேட்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். முதல் டிரம்மில் ஒரு செம்பு குடித்தும் பார்த்திருக்கிறார். "வயிறு கெட்டுப்போச்சுக்கா. உங்க பூச்சிக்கு எப்படித்தான் செமிக்குதோ" என்றார்.

தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. மாமனார் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது. கிண்டல் பண்ணுகிற மனிதர் வாயை மூடிக்கொண்டால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும். பட்டறையில் வேலை பார்த்த பீகார்ப் பையன்கள் வேறு இடம் தேடத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு கேன் சேற்றை நம்பி இத்தனை பேரை உட்காரவைத்திருக்கிறோமே என்று எனக்கே பயம்.

ஒருநாள் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடி உருளையில் ஊற்றி வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன். அதுவரை வடிகஞ்சி மாதிரி கலங்கியே நிற்கும். அன்று அடியில் பழுப்பாக ஒரு விரல் உயரம் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. அந்தப் பழுப்பில் ஒரு சொட்டு எடுத்தேன். வாலுக்காரர்கள் துள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஓரமாக ஒரே ஒரு காம்பு, அதன் நுனியில் ஒரு மணி. வாயைத் திறந்து மூடியது.

"எக்கா, அழுவுதியளா?" என்றார் ஆபரேட்டர்.

"கெமிக்கல் நெடி."

"கெமிக்கலே வரலியேக்கா ரெண்டு வாரமா."

மாமனாரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை இறுக மூடி, வெகுநேரம் நுண்ணோக்கியில் பார்த்தார். "ஒண்ணுந் தெரியலியே" என்றார். அவர் மூடியிருந்தது நுண்ணோக்கியில் வைத்த கண்ணை. மாற்றி மூடச் சொன்னேன். "அடேங்கப்பா" என்றார். "வாயத் தொறந்து தொறந்து மூடுதே. நம்ம சம்பந்திகளாட்ட." எங்கள் வீட்டு ஆட்களைத்தான் சொன்னார். பட்டறை மெல்ல மெல்ல ஓடத் தொடங்கியது.

அவர்கள் கழிமுகத்தில் வந்தவர்கள்தானா, சாணத்தில் வந்தவர்களில் யாரோ பழகிக்கொண்டார்களா, மோரில் வந்தவர்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நிரூபிக்க வேண்டுமானால் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும். மாமனாருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. போகிற கல்யாண வீட்டிலெல்லாம், "நம்முளுது கடல் பூச்சிங்க. மருமக ஊட்டுச் சீரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதைக் கேட்டு, பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் தன் தொட்டிக்கும் கொஞ்சம் வேண்டும் என்று வந்து நின்றார். அது இந்தத் தொழிலில் வழக்கம்தான். ஒரு தொட்டிச் சேற்றை இன்னொன்றுக்கு உறை ஊற்றுவது. ஒரு டேங்கர் நிறையக் கொடுத்தோம். கிளம்பும்போது மாமியார் டேங்கருக்குக் குங்குமம் வைத்ததை நான் தடுக்கவில்லை.

தீபாவளி முடிந்து அந்தப் பட்டறைக்காரர் திரும்ப வந்தார். முகம் தொங்கியிருந்தது. "உங்க பூச்சி சரியில்லீங்க. நோம்பி முடிஞ்சு வந்து பார்த்தா அத்தனையும் போச்சு" என்றார்.

"நோம்பிக்குப் பட்டறை லீவு உட்டீங்களா?" என்றார் மாமனார்.

"பின்னே? ஆளெல்லாம் ஊருக்குப் போயிட்டாங்கல்ல."

"லீவுல அதுகளுக்குச் சோத்துக்கு என்னுங்க பண்ணுனீங்க?"

மாமனார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் பிரச்சினை என்றால் பெண்ணின் அப்பா பேசுவாரே, அந்தக் குரல் வந்துவிட்டது.

"ஏனுங்க, நாங்க நல்லா வளர்த்துக் குடுத்ததுங்க. தீவாளியும் அதுவுமா நீங்க மட்டும் பலகாரம் தின்னுபோட்டு, வந்த எடத்துல அதுகளைப் பட்டினி போட்டுக் கொன்னுபோட்டு, இப்ப எங்க பூச்சி சரியில்லைன்னா எப்படீங்க?"

பக்கத்துப் பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? அறிவியல்படி மாமனார் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. உள்ளே வருகிற கார்பன் நின்றால் அவர்கள் ஒருவரையொருவர் தின்பார்கள், பிறகு தங்களையே தின்பார்கள், பிறகு ஒன்றும் இருக்காது.

"இன்னொரு வாட்டி குடுங்க. ஒழுங்கா வெச்சுக்கறோம்" என்றார் அவர்.

மாமியார் உள்ளேயிருந்து மோர் டம்ளரோடு வந்தார். "குடிங்க. குடிச்சுட்டு, இதே மாதிரி அதுகளுக்கும் ஊத்துவோம்னு சொல்லிட்டுப் போங்க" என்றார். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஊத்துக்குளிக்காரரின் போன் நம்பரை என்னிடம் கேட்டார்.